தென்னையடித் தூள்: வாவிக்கரைச் சிறுவன் ஒருவனுக்கு ஏறிய ஈய நஞ்சு

மூன்றரை வயது, எடை 12 கிலோ. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் இருக்கும் ஒரு கிராமத்துப் பிள்ளை. ஓகஸ்ட் மாதம், கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், தாய் அவனைத் தோளில் சாய்த்தபடி வாட்டுக்குள் வந்தார்.

"மூணு மாசமா வயித்துக்குத்து டொக்டர். வெளிக்குப் போறதும் இல்ல. முந்தி நல்லாக் கதைச்ச புள்ள, இப்ப கதைக்கிறதும் குறைஞ்சிற்று."

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கிராமத்தின் பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டும் விபரங்களையும் விட்டுவிட்டேன். மருத்துவர்கள் மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. வலை கட்டுகிறவர்கள், பழைய பற்றரி வாங்குகிறவர்கள், இரசாயனம் படிப்பிக்கிறவர்கள், கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கிற மருத்துவ மாதுகள் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

எங்களிடம் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை மூன்று இடங்களில் மருந்து எடுத்திருந்தான். இரண்டு தடவை பூச்சி மருந்து, இரண்டு மாதம் இரும்புச்சத்துப் பாணி, மலம் இளக ஒரு பாணி. கிளினிக் கொப்பியில் எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. எடைக்கோடு ஆறு மாதமாகக் கிடையாகக் கிடந்தது. ஈமோகுளோபின் 7.9, மிகக் குறைவு. இரண்டு மாதம் இரும்பு குடித்த பிள்ளைக்கு அது ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருந்ததால் பரம்பரையாக வரும் இரத்த நோயான தலசீமியாவாக இருக்கலாம் என்று நினைத்துச் சோதித்தார்கள். அதுவும் இல்லை.

பிள்ளை வெளிறியிருந்தான். சிடுசிடுவென்று இருந்தான், விளையாட்டுச் சாமான் எதையும் தொடவில்லை. வயிற்றை அழுத்தினால் அழுதான், ஆனால் வயிறு மென்மையாகத்தான் இருந்தது. ஈரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படவில்லை. சரி, கட்டுப்பட்ட மலம் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்போம் என்று வயிற்றுக்கு ஒரு எக்ஸ்றே எடுத்தோம். நோயை அதுதான் காட்டியது. ஆனால் அதை எடுக்கும்போது எங்கள் மனதில் ஈயம் என்ற நினைப்பே இல்லை. இதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

படத்தில் பெருங்குடல் நெடுக வெள்ளைப் பொட்டுகள். பற்றிப்பிடித்தது போல் பளிச்சென்ற வெள்ளை. எக்ஸ்றே எடுத்தவர் படத்தோடு வந்து, "பிள்ளை என்ன விழுங்கினவன்?" என்று கேட்டார். தாயிடம் கேட்டேன்.

"மண் திண்பான் டொக்டர். எவ்வளவு அடிச்சாலும் விடமாட்டான்."

"எந்த மண்? வாசல் மண்ணா?"

"இல்ல, பின்வளவுத் தென்னையடி மண். அதுதான் அவனுக்கு ஆசை. இனிக்குமாம்."

இனிப்பு என்ற அந்தச் சொல்லில் நான் நின்றேன். ஈய உப்புகளுக்கு இனிப்புச் சுவை உண்டு. உரோமர்கள் திராட்சைச் சாற்றை ஈயச் சட்டியில் காய்ச்சி இனிப்பாக்கிக் குடித்தார்கள் என்று படித்த நினைவும் வந்தது. தென்னையடியில் என்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்டேன்.

"அப்பா ஈயம் காய்ச்சுற சாம்பலக் கொட்டுற இடம்."

கேட்காமல் விட்ட கேள்வி

அனுமதிப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பிள்ளையின் படிவத்தில் அங்கே "மேசன்" என்று எழுதியிருந்தது. முன்பு போன மூன்று இடங்களிலும் அதையேதான் எழுதியிருப்பார்கள். தந்தை மேசன் என்பது உண்மைதான். ஆனால் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அந்த வளவில் தாயின் அப்பாவும் இருக்கிறார், தாயின் தம்பியும் இருக்கிறார். பிள்ளை பகல் முழுக்க அம்மப்பாவின் காலடியில்தான் கிடக்கிறான். அம்மப்பா அறுபது வயது தாண்டிய வீச்சுவலைக்காரர், வலை கட்டுவதில் ஊருக்கே பேர் போனவர். ஈயம் காய்ச்சுவதாகத் தாய் சொன்ன "அப்பா" இவர்தான். தந்தை என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் கேட்டால் இந்த ஊரில் வீட்டின் பாதிதான் தெரியவரும். கொழும்பில் அச்சடித்த படிவத்துக்கு எங்கள் குடிமுறை தெரியாது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். விடை வரும்வரை கையில் இருந்ததைக் கொண்டே பார்த்தோம். இரத்தப் பூச்சை மறுபடி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சிவப்பணுக்களுக்குள் நீலநிறப் புள்ளிகள் பொடியாகத் தூவியது போல் கிடந்தன, ஈயம் ஏறினால் வருவது போல. இந்தப் புள்ளிகள் தலசீமியாவிலும் வரும் என்பதால் முன்பு பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போனதில் பிழை சொல்ல முடியாது. முழங்கால் எக்ஸ்றேயில் எலும்பு வளரும் நுனிகளில் அடர்த்தியான வெள்ளைக் கோடுகள் இருந்தன, அதுவும் ஈயத்தின் அடையாளம்தான். நாலாம் நாள் விடை வந்தது: டெசிலீற்றர் இரத்தத்தில் 62 மைக்ரோகிராம் ஈயம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேடி நிறுத்த வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை. இவனிடம் இருந்தது அதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

சட்டியில் நடப்பது

விடை வருமுன்பே, இரண்டாம் நாள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யும் அந்தப் பகுதி மருத்துவ மாதுவும் நானும் வீட்டுக்குப் போனோம். பின்வளவில் வாவிப் பக்கமாக ஒரு கிடுகுக் கொட்டில். மூன்று கல் அடுப்பு, அதன் மேல் கறுத்த இரும்புச் சட்டி. பக்கத்தில் உடைத்த பற்றரிப் பெட்டிகள், ஓட்டோவுடையவை, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துடையவை, ஒன்றிரண்டு வானுடையவை. அம்மப்பாவான ஐயா மறைக்க எதுவும் இல்லாதவராக எல்லாவற்றையும் காட்டினார்.

வீச்சுவலை விரிந்து விழுந்த கையோடு அடிக்கயிறு நிலத்தைத் தொட வேண்டும். அரை நொடி பிந்தினாலும் மீன் அடியால் போய்விடும். அதற்குத்தான் ஈயம். தண்ணீரைவிடப் பதினொரு மடங்கு அடர்த்தி, கத்தியால் வெட்டலாம், விறகு நெருப்பிலேயே உருகும். ஒரு வலைக்குச் சில கிலோ பிடிக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வலைச்சாமான் விலை ஏறியதும் அக்கம்பக்கத்தார் ஐயாவிடம் வரத் தொடங்கினார்கள். மாதம் ஒரு தடவை மூட்டிய அடுப்பை வாரம் இரண்டு தடவை மூட்டினார். அந்தக் காசில்தான் பேரனுக்குப் பால்மா வாங்கினேன் என்றார். இதைக் கேட்டுவிட்டு அவரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி இரசாயனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நோயின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

பற்றரித் தட்டு முழுவதும் ஈய உலோகம் இல்லை. ஈயக் கலவையில் வார்த்த ஒரு சட்டகம், அதன் கண்களுக்குள் அப்பிய பசை, இரண்டும் சேர்ந்ததுதான் தட்டு. மின்னேற்றிய பற்றரியில் நேர்த்தட்டின் பசை கபில நிற ஈய ஈரொட்சைட்டு, எதிர்த்தட்டின் பசை பஞ்சு போன்ற ஈயம். மின் இறங்க இறங்க இரண்டு பக்கமும் வெள்ளை ஈய சல்பேற்றாக மாறுகிறது. செத்த பற்றரி என்று நாம் தூக்கிப் போடுவதற்குள் இருப்பது பெரும்பாலும் இந்தப் பசைதான். சட்டியில் போட்டால் சட்டகம் 327 பாகை செல்சியஸ் அளவில் உருகி அடியில் தங்கும். பசை உருகாது, கசடாக மேலே மிதக்கும். அதோடு, உருகிய ஈயத்தின் முகம் காற்றில் படும் இடத்தில் பாலில் ஏடு படர்வது போல் ஒரு தோல் படரும். வழித்து எடுத்தால் மறுபடி படரும். அந்த ஏடுதான் ஈய ஓரொட்சைட்டு. ஐயா அதைக் கரண்டியால் வழித்து வழித்துத் தென்னையடியில் கொட்டியிருக்கிறார். எத்தனையோ வருடமாக.

ஈய ஓரொட்சைட்டுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று சிவந்தது, மற்றது மஞ்சள். 490 பாகைக்குக் கிட்டச் சிவப்பு மஞ்சளாக மாறும், 888 பாகையில் உருகும். நிறையில் 92.8 சதவீதம் ஈயம்தான், மிச்சம் ஒட்சிசன். தமிழ் மருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று சொல்வது இதைத்தான், சித்த மருத்துவத்தில் களிம்புகளுக்குப் பழைய காலத்திலிருந்தே பயன்படுத்தி வருகிறார்கள். இதையே காற்றில் 450 முதல் 480 பாகை வரை நேரமெடுத்துச் சூடாக்கினால் இன்னும் ஒட்சிசனை வாங்கிச் செவ்வீயமாகிவிடும். இரும்புப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் துருப்பிடிக்காமல் முதற்பூச்சாக அடித்தது அதைத்தான். பெயின்ற் கடையில் இன்று வாங்கும் ரெட் ஒக்சைட் வேறு, அது இரும்பின் ஒட்சைட்டு. ஓரொட்சைட்டின் பெரிய பயன் பற்றரிப் பசை செய்வது. பளிங்குக் கண்ணாடிக்கும் மட்பாண்ட மினுக்கத்துக்கும் பழைய தொலைக்காட்சிக் குழாய்க் கண்ணாடிக்கும் போட்டார்கள். கிளிசரினோடு குழைத்தால் கல்லாக இறுகும் என்பதால் குழாய் மூட்டுகளை அடைக்கவும் உதவியது. உபயோகமான பொருள் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் அதன் ஒரு குணம்தான் இங்கே பிள்ளையைப் பிடித்தது. தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. அதனால் மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது, எத்தனை மாரி பெய்தாலும் தென்னையடியிலேயே கிடக்கும். அமிலத்தில் நன்றாகக் கரையும். இரைப்பையில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். ஈயக் குண்டு ஒன்றைப் பிள்ளை விழுங்கினால், இரைப்பையில் தங்கிவிடாதவரை, அது பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். தூளை விழுங்கினால் வழியிலேயே கரைந்து இரத்தத்துக்குப் போகும்.

அது உண்மையில் ஈயம்தானா என்று ஐயாவுக்கும் ஊராருக்கும் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் உதவினார். தென்னையடித் தூளில் ஒரு கரண்டி நுனி அளவு எடுத்து ஐதான நைத்திரிக் அமிலத்தில் போட்டார். ஒரு பகுதி நிறமில்லாமல் கரைந்தது, அது ஓரொட்சைட்டு. கபிலமும் வெள்ளையுமாக ஒரு வண்டல் கரையாமல் நின்றது, அது தட்டிலிருந்து வந்த ஈரொட்சைட்டும் சல்பேற்றும். தெளிந்த நீரை வடித்தெடுத்துப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் நாலு துளி விட்டார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள், கொன்றைப் பூவை அரைத்து ஊற்றியது போல. ஈய அயடைட்டு. சூடாக்கினார், மஞ்சள் மறைந்தது. ஆற விட்டார், பொன் தகடு தகடாக மினுங்கிக்கொண்டு இறங்கியது. உயர்தரம் படித்தவர்கள் எல்லோரும் பார்த்து மகிழ்ந்திருக்கக்கூடிய பரிசோதனைதான். ஐயா கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவன்ட வயித்துக்குள்ளயா இருந்த?" என்றார்.

அதற்கு முதல்நாள்வரை அவர் சொன்னது வேறு. "அசிட்டுத்தான் கையச் சுடும் டொக்டர். ஈயம் ஒண்டும் செய்யாது. அந்தக் காலத்தில பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசித்தானே சோறு திண்டம்." அவருடைய நம்பிக்கையில் நியாயம் இருந்தது, பெயரில்தான் வில்லங்கம். தமிழில் வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், அது வேறு உலோகம், நஞ்சு மிகக் குறைந்தது. பற்றரியிலும் வலையிலும் இருப்பது காரீயம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் "ஈயம் நஞ்சு" என்று நோட்டீஸ் அடித்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நம்பமாட்டார்கள், அவர்கள் நம்பாததும் சரிதான். காரீயம் என்ற சொல்லைத் திரும்பப் பழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எவ்வளவு தின்றிருப்பான்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் வைத்த கணக்குப்படி ஒரு பிள்ளையின் உணவில் நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் போகக்கூடாது. சீனி மணி ஒன்றின் பருமனுள்ள ஓரொட்சைட்டுத் துணிக்கை ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் நிறுக்கும். அதற்குள் ஏறக்குறைய 930 மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது, அதாவது நானூறு நாளைக்கு மேற்பட்ட அளவு. ஒரு சீனி மணியில். இவன் பிடிபிடியாகத் தின்றிருக்கிறான்.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் உடம்பு உறிஞ்சும். சின்னப் பிள்ளைகள் பாதிவரை உறிஞ்சுவார்கள். இரும்பும் கல்சியமும் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும், ஏனென்றால் குடல் அவற்றைத் தேடித் திறக்கிற வழியால் ஈயமும் நுழைந்துவிடுகிறது. இரும்பு குறைந்த பிள்ளைக்கு மண் தின்னும் ஆசையும் வரக்கூடும். மண்ணில் ஈயம் இருந்தால் ஈயம் இரத்தம் ஊறுவதைக் கெடுக்கும். ஈமோகுளோபின் செய்யும் நொதியங்களில் இரண்டை அது முடக்கிவிடுகிறது, கடைசிப் படியில் இரும்பைக் கோர்க்கும் நொதியமும் அதில் ஒன்று. எங்கள் பாணியில் இருந்த இரும்பு உள்ளே போனாலும் வேலைக்கு ஆகாமல் நின்றது இதனால்தான்.

தின்றது ஒரு வழி, மூச்சு இன்னொரு வழி. 500 பாகை தாண்டினால் உருகிய ஈயத்திலிருந்து ஒட்சைட்டுப் புகை குறிப்பிடத்தக்க அளவில் எழும். தென்னம் மட்டையும் சிரட்டையும் போட்டு ஊதிய அடுப்பு அதைத் தாண்டாது என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டில் வாவிப் பக்கம், அதாவது வீட்டுக்கு மேற்கே. மே மாதத்திலிருந்து கச்சான் அந்தப் பக்கமிருந்துதான் வீசும். புகையும் காய்ந்த தூளும் நேரே குசினிக்கும் படுக்கை அறைக்கும் போயிருக்கின்றன. வயிற்றுக்குத்து மே மாதம்தான் தொடங்கியது என்று தாய் சொன்னது இதோடு பொருந்தியது.

வேறு மூலம் ஏதும் உண்டா என்றும் தேடினோம். கண்மை, குங்குமம், நாட்டு மருந்து, மினுக்கம் பூசிய மண்பாத்திரம், மஞ்சள் தூள். பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேற்றுக் கலந்தது 2019இல் தெரியவந்ததால் மஞ்சளைப் பற்றிக் குறிப்பாகக் கேட்டோம். வீட்டில் இடித்த மஞ்சள்தான். வீட்டுப் பெயின்ற் புதிது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது, பெயின்றில் ஈயத்துக்கு 2013இலிருந்து சட்ட வரம்பு இருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் இவற்றைக் கேட்டுக் கேட்டு ஈயப் பிரச்சினை முடிந்துபோனது என்ற எண்ணம் எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்குள் எப்படியோ படிந்துவிட்டது.

வீட்டார் எல்லோருக்கும் இரத்தம் பார்த்தோம். ஐயாவுக்கு 47. கை மணிக்கட்டு தளர்ந்து, வலை வீசினால் முன்பு போல் விரிவதில்லை என்று வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஏழு வயது அக்காவுக்கு 19. தாய்க்கு 14, அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. கர்ப்பத்தில் பிள்ளைக்குக் கல்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும்போது எலும்பில் ஒளிந்திருக்கும் ஈயமும் கூடவே கரைந்து வந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும். அவருக்குக் கல்சியம் மாத்திரையைத் தவறாமல் கொடுக்க வைத்தோம், இரவு தங்கும் இடத்தையும் மாற்றச் சொன்னோம்.

மருந்தும் வீடும்

வாட்டில் முதல் வேலை குடலைக் கழுவுவது. வெள்ளைப் பொட்டுகள் குடலில் கிடக்கும்போது ஈயத்தைப் பிணைக்கும் மருந்தைக் கொடுத்தால் குடலில் இருப்பதும் சேர்ந்து உறிஞ்சப்படக் கூடும். மூக்குக் குழாயால் கழுவு நீர் கொடுத்து, மறு எக்ஸ்றேயில் பொட்டுகள் போனதை உறுதிப்படுத்தினோம். அதற்குள் சக்சிமர் என்ற பிணைப்பு மருந்து வந்து சேர்ந்தது.

45க்கு மேல் இருந்தால் பிணைப்பு மருந்து தேவை. 70ஐத் தாண்டினாலோ, வலிப்பு, மயக்கம் என்று மூளை பாதித்த அறிகுறி இருந்தாலோ ஊசி மருந்துகள், இரண்டு சேர்த்து. அவற்றில் ஒன்று கல்சியம் ஈ.டி.டி.ஏ. கல்சியம் சேராத சோடியம் ஈ.டி.டி.ஏ.யை மாறிக் கொடுத்தால் இரத்தக் கல்சியம் விழுந்து இதயம் நின்றுவிடும். 2005இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை அப்படி இறந்தது. பெயர் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு குப்பிகள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பிள்ளைக்கு மூளைப் பாதிப்பு அறிகுறி இல்லாததால் வாய் மருந்து போதுமானதாக இருந்தது. சக்சிமர் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஐந்து நாள், பிறகு பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பதினான்கு நாள். மருந்துக் கூட்டைத் திறந்தால் அழுகிய முட்டை மணம். வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்தோம். அரைவாசி துப்பினான். மறுபடி பிசைந்தோம்.

பத்தொன்பது நாளும் அவனை வீட்டுக்கு விடவில்லை. மருந்தின் பக்கத்தில் ஈயமும் போய்க்கொண்டிருந்தால் மருந்தால் பயனில்லை. அந்த நாட்களில்தான் வீட்டு வேலை நடந்தது. மீன் சங்கத்து இளைஞர்கள் கையுறையும் முகக்கவசமும் போட்டு, மண்ணை நனைத்து நனைத்து, தென்னையடியைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள். உலர விட்டுக் கூட்டினால் தூள் பறக்கும், அதனால் வீட்டுக்குள் விளக்குமாறுக்கு இடமில்லை, சவர்க்கார நீரில் துடைப்பு மட்டும். பாயும் தலையணையும் போயின. கிடுகுக் கொட்டிலைப் பிரித்துப் பொதி கட்டினார்கள். எரிக்க வேண்டாம் என்று இரண்டு பேரை மறிக்க வேண்டியிருந்தது, எரித்தால் கிடுகில் படிந்த ஈயம் புகையாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும். பற்றரிக் கழிவு சட்டப்படி ஆபத்துக் கழிவு, உரிமம் உள்ளவர்கள்தான் கொண்டுபோகலாம். அந்த மூட்டைகள் போய்ச் சேர ஏழு வாரம் எடுத்தது. அதுவரை தகரத்தால் மூடி வேலி அடைத்து வைத்திருந்தார்கள். வெட்டிய இடத்துக்குப் பிள்ளையின் தந்தை தன் கையால் சீமெந்து போட்டார்.

ஐயாவின் பிழைப்புக்கு ஒரு வழி வேண்டும். களிமண் குண்டும் சீமெந்துக் குண்டும் பேசிப் பார்த்தோம். வீச்சுவலைக்கு அது சரிவராது என்று அவர் சொன்னார், அவர் சொன்னது சரி. அந்த எடையைக் களிமண்ணில் கொண்டுவர வேண்டுமென்றால் குண்டு ஐந்து மடங்குக்கு மேல் பருத்துவிடும், வலை விரியாது. கடைசியில் ஒப்புக்கொண்டது இது: வார்த்த குண்டுகளைச் சங்கம் மொத்தமாக வாங்கும், ஐயா கோர்த்துக் கட்டுவார். உருக்குவதில்லை, அடுப்பு இல்லை. குளிர்ந்த ஈயத்திலிருந்து புகை வராது. ஆனாலும் கையில் படிவது வாய்க்குப் போகும் என்பதால் வேலைச் சாரம் வேறு, சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம், பேரனைத் தூக்குமுன் குளியல்.

செனகலில் டக்கார் நகருக்குப் பக்கத்தில் தியாருவா என்ற கடற்கரை ஊரில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த மண்தான் காரணம். சங்கத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, "எங்கட வளவிலயும் ஒரு சட்டி இருக்கு" என்றார்.

பிறகு நடந்தது

மருந்து முடிந்த அன்று 62, 23 ஆக இறங்கியிருந்தது. தாய் சந்தோசப்பட்டார். இது திரும்ப ஏறும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். பிள்ளைகளின் உடம்பில் ஈயத்தில் நூற்றுக்கு எழுபது அளவு எலும்பில் இருக்கும். இரத்தத்தைக் கழுவினால் எலும்பு மறுபடி ஊற்றும். மூன்றாம் வாரம் 36. இன்னொரு சுற்று மருந்து கொடுக்கவில்லை. 45க்குக் கீழே என்பது ஒன்று, மூலம் நின்றுவிட்டது என்பது மற்றொன்று. அமெரிக்காவில் 20க்கும் 44க்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குச் சக்சிமர் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு 2001இல் வந்தது. இரத்த அளவு இறங்கியது, பிள்ளைகளின் அறிவுத்திறன் மேம்படவில்லை. அக்காவுக்கும் மருந்து கொடுக்காமல் இரும்பு, கல்சியம், முட்டை, சின்ன மீன் என்று விட்டோம். பிள்ளைக்கு இப்போது இரும்புப் பாணி வேலை செய்யத் தொடங்கியது. ஆறாம் மாதம் ஈமோகுளோபின் 10.8, ஈயம் 18. ஒரு வருடத்தில் ஈயம் 10.

தங்கை பிறந்தாள். கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் 6. அவளை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்க்கிறோம்.

சிறுவன் மறுபடி கதைக்கிறான். வயதுக்கு ஏற்ற அளவுக்கு இல்லை. ஒரு கதையைத் தொடங்கினால் பாதியில் விட்டு வேறெங்கோ போய்விடுகிறான், உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கிறானில்லை. பேச்சுப் பயிற்சிக்கு மாதம் இரண்டு தரம் தாய் அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறார். போனது எவ்வளவு, திரும்பி வரப்போவது எவ்வளவு என்று தாய் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஈயம் மூளையில் செய்ததை மருந்தால் அழிக்க முடியாது என்பதையும், இந்த வயதில் பழக்கிப் பழக்கி நிறையப் பெற முடியும் என்பதையும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த வருடம் அவனை முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும், அதற்கு முன் ஒரு முழு மதிப்பீடு செய்யவிருக்கிறோம்.

வாட்டுப் படிவத்தில் "தந்தையின் தொழில்" கோட்டுக்குக் கீழே கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "வளவில் யார் யார் இருக்கிறார்கள், என்ன காய்ச்சுகிறார்கள், எதை உடைக்கிறார்கள்?" மருத்துவ மாது அதைத் தன் வீட்டுவருகைக் கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறார். கூட்டத்தில் எழும்பிய அந்த மனிதரின் வளவுக்கு முதலில் போனோம். அங்கே கொட்டும் இடம் பிலா மரத்தடி. ஐந்து வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகள் அதன் நிழலில்தான் விளையாடுகிறார்கள். அவர்களின் இரத்தம் போன புதன்கிழமை கொழும்புக்குப் போயிருக்கிறது.